மெதுவாக ஆடிய அணி: வர்ஜீனியாவின் 2018-19 சீசனைக் கூடவே இருந்து பார்த்த அனுபவம்

வர்ஜீனியா பல்கலைக்கழகத்தின் ஆண்கள் கூடைப்பந்து அணியைப் பற்றிப் பேச்செடுத்தாலே அப்போதெல்லாம் ஒரு புகார் தவறாமல் வரும்: பார்க்கவே போர் அடிக்கிறது. எதிரணியை ஐம்பது சொச்சம் பாயின்ட்டில் கட்டிப்போட்டுவிட்டு, தாங்கள் அறுபது சொச்சம் எடுத்து ஜெயித்துப் போகிற அணி அது. எண்பது, தொண்ணூறு என்று பாயின்ட் குவிவதைப் பார்த்துப் பழகியவர்களுக்கு அது ஆட்டமாகவே தெரியாது. மேல்படிப்புக்காக அந்தப் பல்கலைக்கழகம் இருக்கும் சார்லட்ஸ்வில்லில் இருந்த காலத்தில் அந்த அணியின் 2018-19 சீசனை நவம்பரிலிருந்து ஏப்ரல் வரை விடாமல் பின்தொடர்ந்தேன். கூடைப்பந்தை எப்படிப் பார்க்க வேண்டும் என்பதை அந்த மெதுவான அணியிடம்தான் கற்றுக்கொண்டேன். அமெரிக்காவுக்குப் படிக்கப் போகிறவர்களுக்கும், நம்மூர்க் கல்லூரி அணிகளில் ஆடுகிறவர்களுக்கும் இதில் எடுத்துக்கொள்ள ஏதாவது இருக்கும் என்று நம்பித்தான் எழுதுகிறேன்.

அந்த சீசனின் கதை முந்தைய சீசனின் கடைசி ஆட்டத்தில் தொடங்குகிறது. அதைச் சொல்வதற்கு முன் அங்கே போட்டி எப்படி நடக்கிறது என்று சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நவம்பரிலும் டிசம்பரிலும் வெளி அணிகளோடு ஆடுவார்கள். பிறகு மார்ச் வரை தங்கள் கான்ஃபரன்ஸுக்குள், அதாவது தாங்கள் சேர்ந்திருக்கும் கல்லூரிகளின் குழுவுக்குள், ஆட்டங்கள். வர்ஜீனியா இருப்பது ஏசிசி என்னும் அட்லாண்டிக் கடலோரக் கான்ஃபரன்ஸில். கடைசியில் 68 அணிகள் மோதும் தேசியப் போட்டி. அதில் ஒரு ஆட்டம் தோற்றால் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான். நான்கு பிரிவுகளிலும் அணிகளைப் பலத்தின்படி 1 முதல் 16 வரை வரிசைப்படுத்துவார்கள். முதல் சுற்றில் 1ஆம் எண் அணி 16ஆம் எண் அணியோடு மோதும். ஆண்கள் போட்டியில் இந்த வரிசைமுறை வந்ததிலிருந்து அப்படி 135 ஆட்டங்கள் நடந்திருந்தன. 135 தடவையும் 1ஆம் எண் அணியே ஜெயித்திருந்தது.

2018 மார்ச் 16 அன்று நார்த் கரோலினாவின் சார்லட் நகரில் அது உடைந்தது. அந்த ஆண்டு நாட்டிலேயே முதலிடத்தில் இருந்த வர்ஜீனியா, யுஎம்பிசி என்ற மேரிலாந்து பல்கலைக்கழக அணியிடம் 74-54 என்று தோற்றது. இடைவேளையில் 21-21. அதற்குப் பிறகு மட்டும் யுஎம்பிசி 53 பாயின்ட் எடுத்தது. எதிரணியை முழு ஆட்டத்துக்கும் சேர்த்தே ஐம்பது சொச்சத்தில் நிறுத்துகிற அணியின் மேல், இருபது நிமிடத்தில் 53. முக்கிய ஆட்டக்காரர் டி'ஆண்ட்ரே ஹன்டர் மணிக்கட்டு முறிந்து வெளியே இருந்தார் என்பது உண்மைதான். ஆனால் இருபது பாயின்ட் தோல்விக்கு அது மட்டும் காரணமாகாது. ஊரே சில வாரங்களுக்குத் துக்க வீடு மாதிரி இருந்தது.

இதற்குப் பிறகு அவர்கள் செய்ததுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. பயிற்சியாளர் டோனி பென்னட் தன் ஆட்டமுறையைத் தூக்கி எறியவில்லை. அவருடைய தற்காப்பு முறைக்குப் பெயர் பேக் லைன். அதை உருவாக்கியவர் அவருடைய அப்பா டிக் பென்னட். அது அப்படியே இருந்தது. மாற்றம் அட்டாக்கில்தான் வந்தது. பழைய முறையோடு, பந்து வைத்திருப்பவருக்கு ஸ்கிரீன் போட்டு, அதாவது அவரை மறிக்க வருகிறவரின் வழியில் உடம்பால் நின்று, வழி திறக்கும் இன்னொரு முறையையும் சேர்த்துக்கொண்டார்கள். கிஹெய் கிளார்க் என்ற முதலாண்டு மாணவர் புதிதாக வந்தார். உயரம் ஐந்தடி ஒன்பது அங்குலம்தான். அலபாமாவிலிருந்து பிராக்ஸ்டன் கீ மாறி வந்தார். முக்கிய ஆட்டக்காரர்களான கைல் கை, டை ஜெரோம், ஹன்டர், மமாடி டியாகிட்டே எல்லாரும் திரும்பி வந்தார்கள். யுஎம்பிசி ஆட்டம் முடிந்த கணத்தில் தான் தலைகுனிந்து நிற்கும் புகைப்படத்தை, சமூக வலைத்தளத்தில் தன் முகப்புப் படமாகவே வைத்துக்கொண்டார் கைல் கை. மறக்கப் பார்க்கவில்லை, ஒளிக்கவும் இல்லை. தன் மனப்பதற்றத்தைப் பற்றியும் வெளிப்படையாகப் பேசினார்.

நம்மூரில் ஒரு ஜோனல் மேட்ச் தோற்றால் போதும். கேப்டனை மாற்று, ஃபார்மேஷனை மாற்று, ஜெர்சி ராசியில்லை என்று அறைக்குள்ளேயே பஞ்சாயத்து தொடங்கிவிடும். நிறையப் பார்த்திருக்கிறேன். தோற்ற மறுநாள் கோச்சும் சீனியர்களும் உட்கார்ந்து, எது சரியாக இருந்தது, எது இல்லாமல் போனது என்று இரண்டு பட்டியல் போட்டாலே பாதி வேலை முடிந்துவிடும். சரியாக இருந்ததில் கை வைக்கக் கூடாது.

எங்கள் ஆய்வகத்தில் இயந்திரங்களைப் பார்த்துக்கொள்ளும் பெரியவர் ஒருவர் இருந்தார். உள்ளூர்க்காரர். ஏழடி நாலங்குல உயரம் கொண்ட ரால்ஃப் சாம்ப்ஸன் இந்தப் பல்கலைக்கழகத்துக்கு ஆடிய காலத்திலிருந்து, அதாவது 1979இலிருந்து, இந்த அணியைப் பார்த்துவருகிறவர். 1981இலும் 1984இலும் கடைசி நான்கு அணிகளுக்குள் வந்தும் கோப்பை கிடைக்கவில்லை என்பது அவருக்கு ஆறாத மனக்குறை. அவரோடு முதன்முதலாக அணியின் சொந்த அரங்கான ஜான் பால் ஜோன்ஸ் அரங்குக்குப் போனபோது அவர் சொன்னது ஒன்றுதான்: முதல் ஐந்து நிமிடம் பந்தைப் பார்க்காதே.

கேட்கும்போது விசித்திரமாகத்தான் இருந்தது. செய்து பார்த்தால்தான் புரியும், பேக் லைன் என்பது என்னவென்று. பந்து வைத்திருப்பவரை ஒருவர் நெருக்கி மறிக்கிறார். மற்ற நாலு பேரும், அவரவர் பிடிக்க வேண்டிய ஆளோடு ஒட்டிக்கொண்டு திரியாமல், கூடையிலிருந்து பதினாறு, பதினேழு அடி தூரத்தில் ஒரு வளைகோடு இருப்பதாக மனதில் வைத்துக்கொண்டு அதற்குள் நிற்கிறார்கள். பந்து கைமாறும் ஒவ்வொரு தடவையும் ஐந்து பேரும் சேர்ந்து நகர்கிறார்கள். ஒருவர் வெளியே பாய்ந்தால் இன்னொருவர் அவர் விட்ட இடத்துக்கு வருகிறார். கபடியில் ரெய்டர் இடது மூலைக்குப் போனால் வலது மூலைக்காரரும் சங்கிலியை விடாமல் உள்ளே வருவாரே, அதே கணக்குதான். ரெய்டரை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால் பிடி எங்கிருந்து விழுந்தது என்றே தெரியாது.

இதை டிவியில் பார்ப்பது கஷ்டம், கேமரா பந்தின் பின்னாலேயே ஓடும். அரங்கில் பார்ப்பதாக இருந்தால் இருக்கையைத் தேர்ந்தெடுப்பதில் கொஞ்சம் யோசிக்க வேண்டும். கோர்ட்டை ஒட்டிய இருக்கைக்குத்தான் எல்லாரும் ஆசைப்படுவார்கள். அங்கே ஆட்களின் முதுகுதான் தெரியும். கூடைக்குப் பின்னால், மேல் அடுக்கில் உட்கார்ந்தால் ஐந்து பேரும் ஒன்றாக நகர்வது அப்படியே தெரியும், டிக்கெட்டும் மலிவு. மாணவர்களுக்கென்று தனிப் பகுதி உண்டு. ஆரவாரத்துக்கு அங்கே போகலாம், ஆட்டம் கற்க மேல் அடுக்குதான். டிசம்பரில் சின்னக் கல்லூரிகளோடு நடக்கும் ஆட்டங்களில் கூட்டம் குறைவாக இருக்கும். அப்போது கோர்ட்டில் அவர்கள் ஒருவருக்கொருவர் கொடுக்கும் குரல்கூட மேலே கேட்கும். நன்றாகத் தற்காக்கிற அணி வாயை மூடுவதே இல்லை. ஸ்கிரீன் வருகிறது, இடது பக்கம், நான் இருக்கிறேன் என்று கத்திக்கொண்டே இருப்பார்கள். நம் கல்லூரி அணிகளில் பலர் அமைதியாக ஆடுவதைப் பார்க்கும்போது எனக்கு இதுதான் ஞாபகம் வரும். பயிற்சியில் பேசாதவர்கள் மேட்சில் திடீரென்று பேசிவிட மாட்டார்கள்.

அந்த சீசனில் நான் அதிகம் பார்த்தது ஜாக் ஸால்ட்டை. நியூசிலாந்துக்காரர், ஆறடி பத்தங்குலம், கடைசியாண்டு மாணவர். பாயின்ட் அட்டவணையில் அவர் பெயர் கீழேதான் இருக்கும். ஆனால் கைல் கை த்ரீ (தூரத்திலிருந்து மூன்று பாயின்ட்டுக்கு எறியும் ஷாட்) போடுவதற்கு இடம் கிடைத்த பல தடவைகளில் அந்த இடத்தைத் திறந்துவிட்டவர் ஸால்ட். கால் இரண்டையும் அகலமாக ஊன்றி, கைகளை உடம்போடு சேர்த்துக்கொண்டு அசையாமல் நிற்பார். துரத்தி வருகிறவர் அவர் தோளில் மோதி நிற்கிற அந்த அரை நொடியில் கைல் கையின் கையிலிருந்து பந்து கிளம்பியிருக்கும். நகர்ந்துகொண்டே ஸ்கிரீன் போட்டு பவுல் வாங்குவது கல்லூரி அளவில் மிகவும் சகஜம். ஸ்கிரீன் போடக் கற்றுக்கொள்ள விரும்பும் உயரமான பையன்கள் ஸால்ட்டின் கால்களை மட்டும் பத்து நிமிடம் பார்த்தால் போதும்.

அப்புறம், மெதுவாக ஆடுவது பற்றி. அந்த ஆண்டு முதல் டிவிஷனில், அதாவது கல்லூரி ஆட்டத்தின் மேல் மட்டத்தில், வர்ஜீனியா அளவுக்கு நிதானமாக ஆடிய அணி கிடையாது. அமெரிக்கக் கல்லூரி ஆட்டத்தில் ஷாட் கிளாக், அதாவது பந்து கிடைத்த அணி ஷாட் எடுத்தாக வேண்டிய நேரம், 30 நொடி. நாம் ஆடும் சர்வதேச விதியில் 24. அந்த முப்பதையும் அவர்கள் முழுக்கப் பயன்படுத்துவார்கள். அதனால்தான் பாயின்ட் குறைவு. பாயின்ட் குறைவு என்பதால் அட்டாக் மோசம் என்று சொல்லிவிட முடியாது. பந்து எத்தனை முறை தன் பக்கம் வந்தது, அதில் எத்தனை பாயின்ட் எடுத்தார்கள் என்று பார்க்க வேண்டும். 75 வாய்ப்பில் 75 எடுத்த அணியைவிட 60 வாய்ப்பில் 66 எடுத்த அணிதான் நன்றாக அட்டாக் செய்திருக்கிறது. இதை எண்ணுவது மிகச் சுலபம். ஒரு தாளில் இரண்டு கட்டம் போடுங்கள். பந்து ஒரு அணியிடமிருந்து மற்ற அணிக்குப் போகும்போது ஒரு கோடு; கூடையில் விழாமல் திரும்பிய தங்கள் ஷாட்டைத் தாங்களே பிடித்தால் (ரீபவுண்ட்) புதிய கோடு கிடையாது. ரிசர்வில் உட்கார்ந்திருக்கும் பையனிடம் இந்த வேலையைக் கொடுத்தால் அவனுக்கும் ஆட்டம் பிடிபடும், கோச்சுக்கும் இடைவேளையில் கையில் ஒரு உருப்படியான கணக்கு இருக்கும்.

நவம்பரில் பஹாமாஸில் நடந்த போட்டியின் இறுதி ஆட்டத்தில் விஸ்கான்ஸினை 53-46 என்று ஜெயித்தார்கள். ஸ்கோரைப் பார்த்துவிட்டு நண்பர்கள் சிரித்தார்கள். தொடர்ந்து 16 ஆட்டம் ஜெயித்த பிறகு 2019 ஜனவரி 19 அன்று டியூக்கிடம் 72-70 என்று முதல் தோல்வி. அந்த ஆண்டின் பெரிய நட்சத்திரங்களான ஸயான் வில்லியம்ஸன், ஆர்.ஜே. பாரெட் இருவரும் இருந்த டியூக் அது. பிப்ரவரி 9 அன்று எங்கள் ஊரிலேயே மறுபடி டியூக்கிடம் 81-71. என்பிஏ நட்சத்திரம் லெப்ரான் ஜேம்ஸ் வந்திருந்ததால் பாதிக் கூட்டம் அவரையே பார்த்துக்கொண்டிருந்தது. அன்று டியூக் எடுத்த 21 த்ரீயில் 13 விழுந்தது. பேக் லைனின் பலவீனமே அதுதான்: உள்ளே அடைத்து நின்றால் வெளியே இடம் கிடைக்கத்தான் செய்யும். வெளியிலிருந்து அடிக்கிறவர்கள் சூடாக இருந்தால் அந்த நாள் அவர்களுடையது. எந்தத் தற்காப்பு முறையும் ஏதோ ஒன்றை எதிரணிக்கு விட்டுக்கொடுத்தாக வேண்டும். எதை விட்டுக்கொடுக்கிறோம் என்று தெரிந்து விட்டுக்கொடுக்கிற அணி பதறுவதில்லை. இரண்டு நாள் கழித்து, பிப்ரவரி 11 அன்று, நார்த் கரோலினாவை அவர்கள் ஊரிலேயே 69-61 என்று ஜெயித்தார்கள், அதே தற்காப்பை வைத்துக்கொண்டு. மார்ச் 4 அன்று ஸிரக்யூஸில் இவர்களே 18 த்ரீ போட்டு 79-53 என்று முடித்தார்கள். போர் அடிக்கிறது என்றவர்கள் அன்று வாயைத் திறக்கவில்லை.

ஏசிசி கான்ஃபரன்ஸ் போட்டியின் அரையிறுதியில் ஃப்ளோரிடா ஸ்டேட்டிடம் 69-59 என்று தோற்றுவிட்டுத்தான் தேசியப் போட்டிக்குப் போனார்கள். மறுபடி 1ஆம் எண். எதிரில் 16ஆம் எண், கார்ட்னர்-வெப். பெரியவர் வீட்டு டிவி முன் உட்கார்ந்திருந்தோம். முதல் பாதியில் கார்ட்னர்-வெப் 14 பாயின்ட் முன்னால் போய்விட்டது. அறையில் யாரும் பேசவில்லை. நான் பார்த்தது ஒன்றுதான்: அணியின் வேகம் மாறவில்லை. பின்தங்கும் அணி பொதுவாக அவசர ஷாட் எடுக்கும், ஒவ்வொருவரும் தனியாக மீட்டுவிடப் பார்ப்பார்கள். முந்தைய ஆண்டு நடந்ததும் ஏறக்குறைய அதுதான். இந்தத் தடவை அப்படிச் செய்யவில்லை. இடைவேளைக்குள் வித்தியாசம் ஆறாகக் குறைந்தது, 36-30. இரண்டாம் பாதியில் வர்ஜீனியா 41, கார்ட்னர்-வெப் 20. முடிவில் 71-56. கோப்பைக்கான ஆட்டத்தைவிட இந்த இரண்டாம் பாதிதான் அந்த சீசனின் உச்சம் என்பது என் கருத்து. பெரியவர் இதை இன்றுவரை ஒப்புக்கொள்ளவில்லை.

ஓக்லஹோமாவை 63-51, ஆரிகனை 53-49. அடுத்து பர்டியூ. அந்த அணியின் கார்ஸன் எட்வர்ட்ஸ் அன்று 42 பாயின்ட் எடுத்தார், அதில் பத்து த்ரீ. இப்படி ஒருவர் ஆடிய நாளில் பொதுவாக எதிரணிக்கு வழியே கிடையாது. ஆறு நொடிக்கும் குறைவாக இருக்கும்போது 70-67 என்று பின்தங்கியிருந்தார்கள். ஜெரோமுக்கு இரண்டு ப்ரீ த்ரோ (பவுலுக்காக, யாரும் மறிக்காமல் எறியும் ஒரு பாயின்ட் ஷாட்). முதலாவது விழுந்தது, இரண்டாவது விழவில்லை. துள்ளிய பந்தை டியாகிட்டே பின்னால் தட்டிவிட, அது நடுக்கோட்டையும் தாண்டித் தங்கள் பாதிக்கு ஓடியது. சின்னப் பையன் கிளார்க் துரத்திப் போய் எடுத்தார். அங்கிருந்தே கூடையைக் குறிவைத்து எறிவார் என்று நினைத்தேன். அவர் நிமிர்ந்து பார்த்து, நேராக ஒரு நீண்ட பாஸ் கொடுத்தார். டியாகிட்டே பிடித்த வேகத்தில் போட்டார், மணி அடித்தது, பந்து உள்ளே. 70-70. கூடுதல் நேரத்தில் 80-75. முதலாண்டுப் பையன் அந்த நேரத்தில் நிமிர்ந்து பார்த்தான் என்பது அதிர்ஷ்டம் மட்டும் அல்ல, பழக்கம். பயிற்சியில் 'ஐந்து நொடி, ஒரு பாயின்ட் பின்னால்' என்று சூழ்நிலையைச் சொல்லிவிட்டு ஆடவிடும் கோச்சுகள் நம்மூரில் குறைவு. வாரத்துக்கு ஒரு நாள், கடைசிப் பத்து நிமிடம் இதற்கு ஒதுக்கலாம்.

மினியாபொலிஸில் ஆபர்னோடு அரையிறுதி. கைல் கை த்ரீ போடும்போது அவர்மேல் மோதியதற்கு பவுல், கடிகாரத்தில் 0.6 நொடி, 62-60 என்று பின்னால். மூன்று ப்ரீ த்ரோவும் விழுந்தன, 63-62. அதற்குச் சில நொடிகள் முன்பு ஜெரோம் பந்தை இரண்டு கையாலும் எடுத்துவிட்டு மறுபடி டிரிபிள் செய்தார் (தரையில் தட்டிக்கொண்டு போனார்), அது விதிமீறல், நடுவர்கள் ஊதவில்லை. ஊதியிருக்க வேண்டும். எங்கள் அணி ஜெயித்தது என்பதற்காக அதை மறைக்க மனம் வரவில்லை. ஏப்ரல் 8 அன்று டெக்ஸஸ் டெக்கோடு இறுதி ஆட்டம். 68-65 என்று பின்தங்கியிருக்கும்போது ஹன்டர் மூலையிலிருந்து போட்ட த்ரீயில் சமன், கூடுதல் நேரத்தில் 85-77. ஹன்டர் 27, கை 24. கூடுதல் நேரத்தில் எடுத்த 12 ப்ரீ த்ரோவும் விழுந்தன. பள்ளி, கல்லூரி மைதானங்களில் ப்ரீ த்ரோ பயிற்சி பெரும்பாலும் வார்ம்-அப்பில்தான் நடக்கிறது, மூச்சு வாங்காத நேரத்தில். மேட்சில் அது வருவது கால் நடுங்கும் நேரத்தில். ஓட்டப் பயிற்சி முடிந்த கையோடு இரண்டு இரண்டாகப் போடச் சொல்லுங்கள். வித்தியாசம் சீக்கிரமே தெரியும்.

அன்றிரவு பல்கலைக்கழகத்தை ஒட்டிய கார்னர் பகுதி முழுக்க மாணவர்கள். பெரியவர் போனில் அழைத்தார். ஹன்டரின் ஷாட்டைப் பற்றி அல்ல, அதற்கு முன் ஜெரோம் உள்ளே புகுந்து தற்காப்பை இழுத்துவிட்டுக் கொடுத்த பாஸைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார். சாம்ப்ஸன் காலத்திலிருந்து காத்திருந்த மனிதர்.

இப்போது அங்கே நிலைமை மாறிவிட்டது. 2021இலிருந்து ஆட்டக்காரர்கள் தங்கள் பெயர், படம் மூலம் சம்பாதிக்கலாம். கல்லூரி மாறினாலும் ஒரு வருஷம் வெளியே உட்கார வேண்டியதில்லை. மாணவர்கள் பக்கம் நின்று பார்த்தால் இது நியாயம்தான். ஆனால் அவமானப்பட்ட ஒரு அணி அப்படியே திரும்பி வந்து ஆடுவது இனி அரிது. பென்னட் 2024 அக்டோபரில், சீசன் தொடங்கச் சில வாரங்களே இருக்கும்போது ஓய்வுபெற்றுவிட்டார்.

புதிதாகப் பார்க்கத் தொடங்குகிறவர்களுக்கு இரண்டு விஷயம். அங்கே படிக்கப் போகிறவர்கள், மார்ச் மூன்றாம் வாரத்தில் ஒப்படைக்க வேண்டிய வேலைகளை முன்கூட்டியே முடித்துவிடுங்கள். தேசியப் போட்டியின் முதல் சுற்று நடக்கும் இரண்டு நாளும் மதியத்திலிருந்து நள்ளிரவுவரை ஆட்டங்கள் ஓடும். தமிழ்நாட்டிலிருந்து பார்ப்பவர்களுக்கு நேரம் சாதகம்தான். அங்கே இரவு ஒன்பது மணி ஆட்டம் நமக்கு மறுநாள் காலை ஆறரை, காபியோடு உட்காரலாம். அந்த 2019 ஆட்டங்களைப் பார்க்க வேண்டும் என்றால் இறுதி ஆட்டத்தில் தொடங்க வேண்டாம். முதலில் யுஎம்பிசி ஆட்டத்தின் இரண்டாம் பாதி, அடுத்து கார்ட்னர்-வெப் ஆட்டத்தின் இரண்டாம் பாதி, பிறகு பர்டியூ ஆட்டம் முழுவதும். முதல் ஐந்து நிமிடம் பந்தைப் பார்க்காமல்.